புதுப்பிப்பு: கேஸ் கீசர் மாட்டியபின் வந்த தலைசுற்றல் நின்றுவிட்டது

தேன்கனிக்கோட்டை வீட்டில் புதிதாக மாட்டிய கேஸ் கீசரில் குளித்தால் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "கார்பன் மோனாக்சைடாக இருக்கும், உடனே நிறுத்துங்க" என்ற பதில்தான் சரி. காற்றோட்டம் போதாத இடத்தில் கேஸ் எரியும்போது உண்டாகும் விஷ வாயு அது. கீசரைக் குளியலறையிலிருந்து கழற்றி, பின்பக்கம் திறந்த இடத்துச் சுவரில் மாட்டினோம். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வருகிறது. அப்புறம் ஒரு நாள்கூடத் தலை சுற்றவில்லை.

கேஸ் வாடை வரவில்லையே என்று நம்பியிருந்தேன். ஆனால் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. எதிர்பாராத விஷயம்: பனிக்குப் பயந்து குளியலறை ஜன்னலை அட்டை ஒட்டி அடைத்தது நாங்களேதான். அதைக் கிழிக்கும்போது கை நடுங்கியது.

புது இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், குமிழ் வரவில்லை. கசிந்தால் கூப்பிட 1906 எண்ணை அம்மா சுவரில் எழுதி வைத்திருக்கிறார்.