வேலையில்லாக் கொடுப்பனவை வெட்டிய கட்சிக்கு ஜேர்மனியில் என்ன நடந்தது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
தொழில் சட்டங்களை மாற்றவேண்டும் என்ற பேச்சு இங்கே இலங்கையில் விட்டுவிட்டுக் கிளம்புகிறது. பேசுகிறவர்கள் பலர் ஜேர்மனியைக் காட்டி, வேலையில்லாதவர்களுக்கான கொடுப்பனவைக் குறைத்தார்கள், நாடு நிமிர்ந்தது என்கிறார்கள். சரி, நிமிர்ந்தது என்றே வைப்போம். அதைச் செய்த அப்போதைய அரசுத் தலைவர் (சான்சலர்) ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சி மட்டும் ஏன் அப்படி அடிவாங்கியது? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
என் மாமா டோர்ட்முண்டில் இருக்கிறார், அவர் சொல்லிக் கேட்டதோடு வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். முன்பு வேலையின்மைக் காப்புறுதிப் பணம் முடிந்த பிறகும் கடைசியாகக் கைக்கு வந்த சம்பளத்தில் 53 வீதம், பிள்ளை இருந்தால் 57 வீதம், கால எல்லை இல்லாமல் கிடைத்தது. 2005 ஜனவரி 1 முதல் அது போய், எல்லோருக்கும் ஒரே தொகை: மேற்கில் 345 யூரோ, கிழக்கில் 331, அதோடு வீட்டு வாடகை. 2004 கோடையில் 16 பக்கப் படிவம் வீடுதேடி வந்தது. சேமிப்பு எவ்வளவு, கார் என்ன, கூட யார் இருக்கிறார், பிள்ளையின் பெயரில் காசு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டும். இருபது முப்பது வருடம் உழைத்துக் காப்புறுதி கட்டினவர்களைச் சுட்டது அதுதான், தொகை இரண்டாம் பட்சம்.

வெள்ளவத்தை வாசகி:
மழைக்குருவி சொல்வது சரி. மக்டபேர்க், லைப்சிக் என்று கிழக்கில் திங்கட்கிழமை ஊர்வலங்கள் தொடங்கின. 2005 தொடக்கத்தில் வேலையற்றோர் கணக்கு 50 இலட்சத்தைத் தாண்டியது. முன்பு சமூக உதவி எடுத்தவர்களையும் சேர்த்து எண்ணியது அதற்கு ஒரு காரணம், ஆனால் அதை யார் கேட்கப்போகிறார்கள்? அந்த மே மாதமே, 39 வருடம் ஷ்ரோடர் கட்சியின் கையில் இருந்த வட ரைன் வெஸ்ட்பாலியா மாநிலம் போய்விட்டது. செப்டெம்பரில் முன்கூட்டியே தேர்தல், எதிர்க்கட்சியின் மேர்க்கெல் சான்சலராக வந்தார். எதிர்க்கட்சியும் மேலவையில் கைதூக்கித்தான் சட்டம் நிறைவேறியது, ஆனாலும் தொழிலாளர் கோபம் முழுக்கத் தங்கள் கட்சி மேலேயே விழுந்தது, ஏனென்றால் நம்பியது அதைத்தான். இடதுபக்கம் பிரிந்து போனவர்கள் 2007இல் புதுக் கட்சியாகவே சேர்ந்தார்கள். 2005இல் 34 வீதம் எடுத்த கட்சி 2009இல் 23. வேலையின்மை இறங்கியபோது பெயர் வாங்கியவர் மேர்க்கெல்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
நன்றி அக்கா. அப்போ இங்கே?

பழைய தொழிற்சங்கக்காரர்:
தம்பி, இங்கே வெட்டுவதற்குக் கொடுப்பனவே கிடையாது. வேலை போனால் இருப்பது பணிக்கொடையும் நட்டஈடும், அதுவும் கிடைத்தால். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) நாங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டினாலும், அது பொதுவாக முதுமைக்கான காசு. வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971 சட்டம் இருப்பதால்தான் 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், எங்கள் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி ஒருவரை நிறுத்த முடியாது. அதைத் தளர்த்தச் சொல்கிறவர்கள், வேலையின்மைக் காப்புறுதி பிறகு வரும் என்கிறார்கள். 2011ஐ மறந்துவிட்டார்கள் போல. தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் தங்கள் சேமலாப நிதிக் காசில் கைவைக்கும் என்று கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துத் தொழிற்சாலைப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், பொலிஸ் சுட்டு ஓர் இளம் தொழிலாளி இறந்தார், அரசு சட்டமூலத்தைக் கைவிட்டது. போருக்குப் பிறகு அசைக்க முடியாது என்றிருந்த அரசு அது. காப்புறுதி நிதியை முதலில் தொடங்கட்டும், ஒருவருக்காவது அதிலிருந்து காசு கைக்கு வரட்டும். அதற்குப் பிறகு 1971 சட்டத்தைப் பற்றிப் பேச நான் வருகிறேன்.