ஓர்வால்ல குதிரை லாய வாசம், கூஸ்ல எலி வாடை – பாட்டில் போச்சா, இன்னும் வைக்கலாமா?

பிரஸ்ஸல்ஸ்வாசி:
வணக்கம் மக்களே, பியர் விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வேலை பிரஸ்ஸல்ஸ்ல. காட்டு ஈஸ்ட் பியரை வருஷக்கணக்குல வச்சு குடிக்கணும்னு ஆபீஸ்ல ஆளாளுக்கு சொன்னாங்கன்னு ஓர்வால் (பெல்ஜியம் துறவி மடத்து பியர்) ஒரு பெட்டி, கார்க் போட்ட ஓட் கூஸ் (புளிப்பு பியர்) கொஞ்சம், செர்ரி போட்ட க்ரீக் புளிப்பு பியர் கொஞ்சம் வாங்கி கிச்சன் அலமாரில வச்சிருந்தேன், ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இப்ப திறந்தா மூணும் மூணு தினுசா இருக்கு. ஓர்வால்ல ஹாப்ஸ் (கசப்பும் வாசமும் தர்ற பூ) வாசமே இல்ல, தோல், குதிரை லாயம் மாதிரி ஒண்ணு வருது, கசப்பு கம்மி, நுரை மட்டும் எகிறுது. கூஸ் மோந்து பாத்தா அருமை, ஆனா முழுங்கி அஞ்சாறு செகண்ட் கழிச்சு எலி குடியிருந்த அரிசி மூட்டை வாடை தொண்டைல ஏறுது. க்ரீக்ல செர்ரியே காணோம். எதை கொட்டணும், எதை வைக்கணும்?

நுரைதள்ளி:
ஓர்வால் கெடல தல, அது அப்படித்தான் ஆகணும். பாட்டில்ல அடைக்கும்போதே அதுல பிரெட்டனோமைசஸ்ங்கற காட்டு ஈஸ்ட் (சுருக்கமா பிரெட்) போடறாங்க, சாதா ஈஸ்ட் தின்னாம விட்ட டெக்ஸ்ட்ரின்ங்கற மாவுச்சர்க்கரையை அது மாசக்கணக்குல மெதுவா தின்னுட்டே இருக்கும், அதான் இனிப்பு போய் பியர் வறண்டு கேஸ் ஏறுது, லேபிள்ல 6.2% போட்டிருந்தாலும் பழசுல ஆல்கஹால் அதுக்கு கொஞ்சம் மேலயே போயிடும். லாய வாசம் 4-ஈதைல் ஃபீனால்னு ஒண்ணு, அதுவும் பிரெட் வேலைதான். ஹாப்ஸ் வாசம் எந்த பியர்லயும் நிக்காது. லேபிள்ல அடைச்ச தேதி இருக்கும் பாருங்க. ஆறு மாசத்துக்குள்ள ஹாப்ஸ் ராஜ்ஜியம், அப்புறம் பிரெட் ராஜ்ஜியம். எனக்கு ஒரு வருஷம் ஒட்டி இருக்கறதுதான் புடிக்கும், ரெண்டும் இருக்கும். இங்க சில கஃபேல இளசா பழசான்னு கேட்டே கொடுப்பாங்க, ஒரே சமயத்துல ரெண்டையும் வாங்கி பக்கத்துல வச்சு குடிச்சு பாருங்க.

புளிச்சமோர்:
கூஸ்ல வர்ற எலி வாடைக்கு மவுசின்னு பேரு. காரணம் டெட்ரா ஹைட்ரோ பிரிடின்னு ஒரு ரசாயனம், சுருக்கமா டிஎச்பி. பிரெட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் உண்டாக்கும், ஆக்சிஜன் பட்டா அதிகமா வரும். பியர் புளிப்பா இருக்கறவரை அது ஆவியா வெளிய வராது, அதான் மூக்குக்கு தெரியல. வாய்ல எச்சில் கலந்து புளிப்பு இறங்கினதும் கிளம்புது. சந்தேகம்னா ஒரு வாய் பியர்ல சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டு மோந்து பாருங்க. அடிச்சா அதேதான். கொட்டாதீங்க, பல பாட்டில்ல இது மாசக்கணக்குல தானா அடங்கிடும். அடங்காததும் உண்டு, கேரண்டி கேக்காதீங்க.

பிரஸ்ஸல்ஸ்வாசி:
சோடா போட்டேன், அய்யய்யோ, ரூம் பூரா எலி! ஆனா வீட்டம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலயாம், ஜம்முன்னு இருக்குன்னு மீதிய அவங்களே முடிச்சிட்டாங்க.

புளிச்சமோர்:
ஹாஹா, சில பேருக்கு அது புடிபடவே புடிபடாது, குடுத்து வச்சவங்க.

பழையபாட்டில்:
எல்லாத்தையும் வச்சா நல்லாகும்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. கூஸ்னா ஒரு வருஷ, ரெண்டு வருஷ, மூணு வருஷ லாம்பிக்கை (காட்டு ஈஸ்ட்ல தானா புளிச்ச பியர்) கலந்து அடைக்கறது, இளசுல மிச்சம் இருக்கற சர்க்கரைதான் பாட்டில்ல கேஸ் ஆகுது. கார்க் நல்லா இருந்தா உள்ள காத்து போகாது, அதனால வினிகர் மாதிரி புளிப்பு ஏறிட்டே போகும்னு பயப்பட வேணாம், போகப்போக அந்த கூர்மை மழுங்கி தேன், ஷெர்ரி ஒயின் பக்கம் சாயும். சில லேபிள்ல 20 வருஷம் கூட போட்டிருப்பாங்க. ஆனா அது குடிக்கலாம்ங்கற கணக்கு, அன்னிக்குதான் ருசி உச்சம்னு இல்ல! க்ரீக் வேற கதை. பழ வாசம்தான் முதல்ல ஓடும், கொட்டைல இருந்து வந்த பாதாம் வாசமும் புளிப்பும்தான் மிஞ்சும். செர்ரிக்காக வாங்கினா ஒரு வருஷத்துக்குள்ள குடிச்சிடணும். உங்க கிட்ட இருக்கறது இனி திரும்பாது, சீக்கிரம் காலி பண்ணுங்க.

அலமாரிய விட்டு முதல்ல வெளிய எடுங்க. கோடைல கிச்சன் சூடு சும்மா விடாது, பிரெட் வேலையும் வேகமாகும், அட்டைப்பெட்டி மாதிரி பழைய ருசியும் சீக்கிரம் வரும். 10–15 டிகிரில, இருட்டுல வச்சா போதும்.

பிரஸ்ஸல்ஸ்வாசி:
பில்டிங் கீழ பேஸ்மென்ட் ரூம் இருக்கு, சில்லுன்னு இருக்கும். படுக்க வைக்கறதா நிக்க வைக்கறதா?

பழையபாட்டில்:
ஓர்வால் சோடா மூடிதானே, நிக்கட்டும். கார்க் போட்ட கூஸை படுக்க வைங்க, கார்க் காயாது. குடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்ன நிமித்தி வச்சா வண்டல் அடியில இறங்கிடும், நுரை எகிறறதும் கம்மியாகும்.

நுரைதள்ளி:
மவுசி வந்த அதே பேட்ச் கூஸ்ல ஒண்ண ஆறு மாசம் கழிச்சு திறங்க, அப்பவும் எலி இருந்தா இன்னொரு ஆறு மாசம். நடுவுல திறந்து திறந்து பாத்தா வைக்க பாட்டிலே இருக்காது.

பிரஸ்ஸல்ஸ்வாசி:
சரி தல, நாளைக்கே கீழ இறக்கறேன். க்ரீக் இந்த வாரக்கடைசில காலி.