படகு கேபின் ஏசி: முன் அறை ஜில், பின் அறை அனல், கால் மணியில் நின்றுவிடுகிறது. அவசர உதவி

அலையடி:
போன வாரம் நானே உட்கார்ந்து கேபினுக்கு ஏசி மாட்டினேன். முன் அறையில் ஜில்லென்று வருகிறது. பின் அறைக் கிரில்லில் கையை வைத்தால் குழந்தை மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். அதோடு கால் மணி நேரம் ஓடினால் நின்றுவிடுகிறது, அணைத்துப் போட்டால் மறுபடி கால் மணி நேரம். காற்று போகிற டக்ட் குழாயெல்லாம் புதுசு, ஓட்டை இல்லை. சனிக்கிழமை வீட்டில் எல்லாரும் படகுக்கு வருகிறார்கள். கேஸ் குறைவா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சுக்கான்பிடி:
எந்த வகை ஏசி? ஜன்னல் ஏசியா, வெளித் தண்ணீரை இழுத்துக் குளிர்கிற படகு ஏசியா, சக்கரம் வைத்துத் தள்ளுகிறதா? குளிர்விக்கிற திறன் எத்தனை பிடியூ? டக்ட் எத்தனை அங்குலம்? நிற்கும்போது திரையில் எழுத்து ஏதாவது வருகிறதா? படகு தண்ணீரில் இருக்கிறதா, கரையில் ஏற்றி வைத்திருக்கிறீர்களா? சிரிக்க வேண்டாம், கரையில் வைத்துக்கொண்டே தண்ணீர் ஏசியை ஓட்டிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும்.

உப்புக்காற்று:
கேஸ்தான். என் வீட்டு ஏசியும் இதே மாதிரி நின்று நின்று ஓடியது, கேஸ் போட்டதும் சரியாகிவிட்டது.

பழைய_நங்கூரம்:
இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது. ஏசியோடு ஒரு கையேடும் வரும், அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டு இங்கே வந்து கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உப்புக்காற்று அவர்களே, ஒரே யூனிட்டாக வரும் படகு ஏசியில் கேஸை ஆலையிலேயே அடைத்து மூடித்தான் அனுப்புகிறார்கள். முதல் வாரத்திலேயே அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டிக் கிளறினால் நல்ல யூனிட்டும் கெடும். வீட்டு ஏசி அனுபவத்தை வைத்துப் படகுக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்.

குழாய்க்காரன்:
டக்ட். கேள்வியைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. எத்தனை அங்குலம் என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன்.

சுக்கான்பிடி:
உங்களுக்கு எல்லாமே டக்ட்தான் அண்ணா. போன தடவை பம்ப் சத்தத்துக்கும் டக்ட் என்றீர்கள்.

அலையடி:
மன்னிக்கவும், இதெல்லாம் வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. 12,000 பிடியூ, வெளித் தண்ணீர் வகை. யூனிட் முன் அறைக் கட்டிலுக்குக் கீழே. படகு தண்ணீரில்தான் இருக்கிறது. நிற்கும்போது எச்.பி.எஃப் என்று வருகிறது. யூனிட்டின் வாய் 6 அங்குலம், ஆனால் லாக்கருக்குள் அவ்வளவு பெரிய டக்ட் நுழையவில்லை, குறைப்பான் போட்டு 4 அங்குலத்துக்கு இறக்கி, அதிலிருந்து ஒய் போட்டு இரண்டு அறைக்கும் பிரித்தேன். பின் அறைக்கு 12 அடி போதும், ஆனால் டக்ட் 25 அடிச் சுருளாகத்தான் வந்தது, நாளைக்கு எதற்காவது உதவும் என்று வெட்டாமல் மிச்சத்தை லாக்கரில் சுருட்டி வைத்திருக்கிறேன்.

குழாய்க்காரன்:
நான் சொன்னேனா இல்லையா! 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம். 4 அங்குலத்துக்குப் பன்னிரண்டரை. பாதிகூட இல்லை. பிளவர் எவ்வளவுதான் தள்ளும்? அதற்கு மேல் ஒய்யைத் தாண்டினால் முன் அறைக்கு இரண்டடி, பின் அறைக்கு 25 அடிச் சுருள். காற்றுக்கு என்ன தலையெழுத்தா, சுருளுக்குள் நுழைந்து கஷ்டப்பட? நெளிவுள்ள டக்டை இழுத்துப் பிடித்துக் கட்ட வேண்டும், தளர்வாக விட்டால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தடுக்கும். மிச்சத்தை வெட்டுங்கள். ஒய்யைக் கழற்றிவிட்டு, 6 அங்குல வாயில் ஒரு பெட்டி வைத்து அதிலிருந்தே இரண்டு 4 அங்குல டக்டைத் தனித்தனியாக எடுங்கள், இரண்டும் சேர்ந்து 25 வரும், சமாளிக்கும். டக்டுக்கு மேலே பஞ்சு உறை இருக்கிறதல்லவா? இல்லையென்றால் வியர்த்து லாக்கர் முழுக்கப் பூஞ்சைதான்.

பழைய_நங்கூரம்:
பின் அறைக்கு நீங்கள் சொல்வது சரி. நின்றுபோவதற்கு அது காரணம் இல்லை. காற்று குறைந்தால் உள்ளே குளிர்கிற குழாய்களில் பனி கட்டும், அழுத்தம் இறங்கும். எச்.பி.எஃப் என்பது அழுத்தம் ஏறியதற்கான குறி. கையேட்டில் இருக்கிறது.

சுக்கான்பிடி:
அதேதான், இரண்டு தனித்தனி வியாதி. குளிரூட்டும்போது அழுத்தம் ஏறினால் கண்டென்ஸர் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம், தண்ணீர் போதவில்லை. 12,000 பிடியூவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் ஓட வேண்டும். வெளியேறும் ஓட்டைக்குக் கீழே 10 லிட்டர் வாளியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். அப்புறம் ஹோஸ் எந்த வழியாகப் போகிறது என்பதை அடியிலிருந்து வரிசையாக எழுதுங்கள்.

சூரியத்தகடு:
இடையில் கேட்கிறேன், ஜெனரேட்டர் சத்தமே இல்லாமல் இதை இன்வெர்ட்டரில் ராத்திரி முழுக்க ஓட்டலாமா? என்னிடம் 12 வோல்ட் 200 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கிறது.

பழைய_நங்கூரம்:
பெருக்கிப் பாருங்கள். 2,400 வாட்-மணி. ஈய பேட்டரியாக இருந்தால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஏசியும் பம்பும் சேர்ந்து சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். ஒரு மணி நேரத்தில் உங்கள் ராத்திரி விடிந்துவிடும்.

பாய்மரம்:
அதனால்தான் சொல்கிறேன், படகுக்கு எதற்கு ஏசி? மூடியைத் திறந்து ஒரு காற்றுத்துணியைக் கட்டிவிட்டால் முடிந்தது. ஓட்டை போடாத படகு மூழ்காத படகு.

சூரியத்தகடு:
காற்றே இல்லாத ராத்திரியில் உங்கள் துணி என்ன செய்யும்? கொசுவுக்கு ஊஞ்சலா?

பாய்மரம்:
காற்று இல்லாத இடத்தில் எதற்கு நங்கூரம் போடுகிறீர்கள்?

குழாய்க்காரன்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். சனிக்கிழமை வரப்போகிறது.

அலையடி:
வாளி நிரம்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. ஹோஸ்: படகின் அடியில் தண்ணீர் நுழைகிற அடி வால்வு, குப்பையை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னர், அங்கிருந்து ஒரு குறுக்குக் கட்டைக்கு மேலே ஏறி இறங்கிப் பம்ப், பம்பிலிருந்து யூனிட். பம்பை எட்டுகிற இடத்தில் வைத்தேன், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம்.

சுக்கான்பிடி:
அங்கேதான் இருக்கிறது. இந்தப் பம்ப் தானாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளாது, தண்ணீர் தானே அதற்குள் வந்து நிற்க வேண்டும். அதனால் பம்பும் ஸ்ட்ரெய்னரும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அடி வால்விலிருந்து யூனிட் வரை ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் ஓர் இடத்திலும் ஏறி இறங்கக் கூடாது. அந்தக் கட்டை மேல் வளைவில் காற்று உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடமாட்டேன் என்கிறது. பம்பை இறக்குங்கள், ஹோஸைக் கட்டைக்குக் கீழே கொண்டு போங்கள். அடி வால்வை இன்ஜினோடு பங்கு போட்டிருந்தால் அதையும் பிரியுங்கள், இன்ஜின் ஓடும்போது தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். இன்னொன்று: யூனிட்டுக்குள் அறைக் காற்று எந்த வழியாகத் திரும்பி வருகிறது?

அலையடி:
அதற்குத் தனியாகக் கிரில் போடவில்லை. கட்டிலுக்குக் கீழே பின்பக்கம் படகின் அடிக்குழி, அதாவது பில்ஜ் வரை திறந்துதான் கிடக்கிறது, காற்றுக்குக் குறைச்சல் இல்லை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரையும் அங்கேயே விட்டிருக்கிறேன், ஒரே வேலையாக முடிந்தது.

பழைய_நங்கூரம்:
இது கையேட்டைப் பற்றிய கிண்டல் இல்லை, தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். பில்ஜுக்கு அந்தப் பக்கம் இன்ஜினும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. புகைக்குழாயில் ஒரு சின்னக் கசிவு இருந்தால் போதும், கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவை உங்கள் ஏசி இழுத்து, தூங்குகிறவர்கள் முகத்தில் ஊதும். அதற்கு வாசனை கிடையாது. கட்டிலின் முன் பலகையில் அறைக்குள் பார்க்கிற மாதிரி திரும்பு கிரில் வையுங்கள், பின்பக்கத்தை முழுக்க அடையுங்கள். சொட்டுத் தண்ணீரை மூடிய தொட்டிக்கு விடுங்கள், பில்ஜுக்கு விடாதீர்கள், அந்தக் குழாய் வழியாகவும் புகை ஏறும். தூங்குகிற ஒவ்வோர் அறையிலும் மோனாக்சைடு அலாரம் ஒன்று.

குழாய்க்காரன்:
இதில் நானும் அவரோடு. திரும்பு கிரில்லைப் பெரிதாக வெட்டுங்கள், குளிர் காற்று வருகிற கிரில் நேராக அதைப் பார்த்து ஊதாமல் மேலே வையுங்கள். இல்லையென்றால் தன் குளிரைத் தானே விழுங்கி, அறை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து அணைந்து அணைந்து ஓடும்.

உப்புக்காற்று:
அப்படியானால் கேஸ் இல்லையா?

அலையடி:
ஓடுகிறது!! பம்பை இறக்கினேன், வாளி 50 விநாடியில் நிரம்புகிறது. டக்டையும் வெட்டினேன், மனசில்லாமல்தான். பின் அறையில் போர்வை கேட்கிறார்கள். எல்லாருக்கும் நன்றி, நாளைக் காலை கிளம்புகிறோம்.

குழாய்க்காரன்:
டக்ட்.

பழைய_நங்கூரம்:
பின்பக்கத்தை அடைத்தீர்களா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

சுக்கான்பிடி:
அலையடி, அலாரம் வாங்கியாயிற்றா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

பழைய_நங்கூரம்:
இன்று சனிக்கிழமை. யாரிடமாவது இவருடைய எண் இருக்கிறதா?