உதவி: கேமில் போட்ட படம், சத்தத்துக்கு லைசென்ஸ் பட்டியல் கேட்கிறார்கள், நாளை கடைசி நாள்

மின்மினி:
வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செமஸ்டர் புராஜெக்டாக ஒரு 2டி கேம் செய்தோம். எல்லா லெவலும் ஓடுகிறது. படம், சத்தம் எல்லாம் நெட்டில் இலவசமாக எடுத்தவை என்று சொன்னதும், எது எங்கிருந்து வந்தது என்று எழுதித் தராமல் வாங்கமாட்டேன் என்று சார் திருப்பி அனுப்பிவிட்டார். "இலவசம்" என்று போட்டிருந்தால் போதாதா? நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும், அவசரம்.

ஈசல்:
எந்தத் தளத்தில் எடுத்தீர்கள்? சாரிடம் மட்டும் கொடுக்கிறீர்களா, இல்லை இட்ச் மாதிரி கேம் வெளியிடும் தளம் எதிலாவது ஏற்றுவீர்களா? கேமின் கோடு (புரோகிராம்) எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் இருக்கிறதா?

கல்தச்சன்:
படிப்புக்காகச் செய்வதுதானே, அதற்கெல்லாம் விலக்கு உண்டு. கவலைப்படாமல் கொடுங்கள்.

பழையகணக்கு:
கல்தச்சன், தயவுசெய்து இப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள். வகுப்புக்குள் இருக்கும்வரை ஒரு கதை, ஊருக்கே தரவிறக்கக் கொடுத்தால் வேறு கதை. மின்மினி, பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரியை எடுக்கும்போதே படித்திருக்க வேண்டும், இது முதல் வாரப் பாடம். லைசென்ஸே எழுதாத படம் என்றால் முழு உரிமையும் வரைந்தவருக்குத்தான், இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், செய்தவரே முன்கூட்டி அனுமதி தரும் லைசென்ஸ் வகை. அதில் சிசி ஜீரோ என்றால் எதுவும் கேட்க வேண்டாம். சிசி பை என்றால் பெயர் போட வேண்டும். என்சி சேர்ந்தால் வணிகத்துக்கு ஆகாது. என்டி (மாற்றி வெளியிடக் கூடாது) சேர்ந்தால் ஸ்ப்ரைட்டின் (கேமில் நகரும் உருவப் படம்) சட்டை நிறத்தை மாற்றி வெளியிடுவதுகூடத் தப்பு.

தூக்கணாங்குருவி:
எஸ்ஏ (அதே லைசென்ஸில் பகிர வேண்டும் என்ற நிபந்தனை) இருந்தால் உங்கள் கோடு முழுவதையும் திறந்து கொடுக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

பழையகணக்கு:
இல்லை. நீங்கள் திருத்திய படத்தை அதே லைசென்ஸில் தர வேண்டும். தனியாக நிற்கும் கோடு ஏன் அதில் வருகிறது?

தூக்கணாங்குருவி:
படமும் கோடும் ஒரே கேம்தானே? ஜிபிஎல் (கோடுக்கென்று எழுதிய திறந்த லைசென்ஸ்) போட்ட படங்களும் இருக்கின்றன, அதற்கு என்ன சொல்வீர்கள்?

ஈசல்:
இதைத் தனி இழையில் பேசலாமே, அவருக்கு நாளை மாலை வரைதான் நேரம். மின்மினி, முதலில் இறக்கிய ஜிப்களைத் திறந்து உள்ளே லைசென்ஸ் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரின் டவுன்லோடு பட்டியலில் எடுத்த முகவரி இருக்கும். ஃப்ரீசவுண்ட் என்ற ஒலித் தளத்தில் எடுத்த ஒலி என்றால், கோப்பின் பெயரை மாற்றாமல் வைத்திருந்தால் முதலில் ஓர் எண், அப்புறம் இரண்டு அடிக்கோடு, அப்புறம் ஏற்றியவர் பெயர் என்று இருக்கும், அந்த எண்ணை வைத்தே பக்கத்தைப் பிடித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் படைப்பின் பெயர், செய்தவர், எடுத்த பக்கம், லைசென்ஸ் (3.0வா 4.0வா என்பதோடு), நீங்கள் என்ன மாற்றினீர்கள், இவ்வளவையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, கேமின் கிரெடிட்ஸ் திரையிலும் போடுங்கள். எழுத்துருவையும் விட்டுவிடாதீர்கள். மூலம் கிடைக்காததைத் தூக்கிவிட்டு, கென்னி தளத்தில் சிசி ஜீரோ படங்கள் நிறைய இருக்கின்றன, அங்கிருந்து எடுங்கள்.

பழையகணக்கு:
கிட்டில் (கிட்ஹப்பில் கோடு வைக்கும் முறை) கோப்பை அழித்தால் மட்டும் போதாது, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவு) அப்படியே இருக்கும். அசெட் ஸ்டோர் (கேமுக்கான படம், ஒலி தரும் கடை) பொருள் எதுவும் பொது ரெப்போவில் (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) கிடக்கிறதா என்றும் பாருங்கள், கேமுக்குள் வைக்கலாம் என்பார்கள், தனிக் கோப்பாக ஊருக்குக் கொடுக்க விடமாட்டார்கள்.

மின்மினி:
ரெப்போ பொதுவில்தான் இருந்தது, இப்போது மூடிவிட்டேன். 14 ஒலிகளில் 11 எண்ணோடு இருந்தன, பக்கம் கிடைத்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் நண்பன் "ஜம்ப்1", "ஜம்ப்2" என்று பெயர் மாற்றியிருக்கிறான், அவற்றைத் தூக்கிவிட்டோம். பின்னணி இசை ஏதோ வீடியோவிலிருந்து எடுத்ததாம், அதையும் மாற்றுகிறோம். நன்றி அண்ணா, கிரெடிட்ஸ் திரை செய்யப் போகிறேன்.