தாயார் நினைவாகக் கல்வி உதவி: ஒரு மாணவிக்கு நேரடியாகவா, அறக்கட்டளை வழியாகவா?

பெரம்பூர் ஓய்வூதியர்:

அனைவருக்கும் வணக்கம். சூளையில் 28 ஆண்டுகள் இட்லிக் கடை நடத்தி எங்கள் மூவரையும் பட்டதாரிகளாக்கிய என் தாயார் சென்ற தை மாதம் காலமானார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்றாலும், கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களின் கணக்கையெல்லாம் அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகளாகப் போட்டு வைத்து ஒரு ரூபாய் பிசகாமல் வசூலித்துவிடுவார். அவர் பெயரில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு, வசதியற்ற பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பதென்று நானும் தம்பியும் தங்கையும் முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்மணியின் மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 428 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். அரசுக் கல்லூரியான பாரதி மகளிர் கல்லூரியில் பி.காம். சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். மொத்தப் பணத்தையும் அவளுக்கே கொடுத்துவிடலாமா, அல்லது இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பது நல்லதா என்பதுதான் என் கேள்வி.

தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்புக்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணம் அனுப்பினேன். அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி வரவில்லை. அதற்குப் பதிலாக, எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என் பெயர் எழுதிய அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் வந்தது. அந்தப் பிள்ளையின் கண்களைப் பார்த்த பிறகு எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அப்படியொன்று என் தாயார் பெயரில் நடந்துவிடக் கூடாது.

வியாசர்பாடி ஆசிரியை:

ஐயா, உங்கள் தாயாருக்கு என் வணக்கம். வடசென்னை அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன். பணத்தை எங்கே கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன், அந்தப் பெண்ணுக்கு அரசு ஏற்கெனவே என்ன தருகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். நல்ல மனம் கொண்டவர்கள் பலரும் அரசு கட்டும் கட்டணத்தையே மறுபடி கட்ட முன்வருகிறார்கள். அரசு தொடாத செலவுகளுக்கோ ஆளே இருப்பதில்லை.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி என்பதால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். பையன்களுக்கு அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமையாக இராது. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குப் பயணம் இலவசம். ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் குடும்பமாக இருந்து, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், மேல்படிப்பு உதவித்தொகையும் உண்டு. பொறியியல் போன்ற தொழிற்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்திவிடும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை தனியே இருக்கிறது. இவற்றை வாங்கித் தரும் சான்றிதழ்களுக்காக அலைய ஆளில்லாமல் நின்றுபோன பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். வருமானச் சான்று எடுக்கத் தாய் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 600க்கு 570 எடுத்த பிள்ளையின் வீட்டு வாசலுக்கு நாளிதழும் நன்கொடையாளரும் தாமாகவே வந்துவிடுவார்கள். காலையில் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாலையில் அம்மாவோடு ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு 428 எடுத்த பிள்ளையை யாரும் தேடி வருவதில்லை. பெரும்பாலான உதவித்தொகைகள் மதிப்பெண்ணை வைத்தே வாசலில் வடிகட்டிவிடுகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம். அவளை நீங்கள் விட்டுவிடக் கூடாது.

காசிமேட்டுப் பெண்:

ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் வணக்கம். நான் அறக்கட்டளை உதவியில் படித்தவள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்; அம்மா மீன் விற்கிறார். 2012இல் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் சேர்ந்தேன். இப்போது சிறுசேரியில் வேலை செய்கிறேன். வாங்கிய பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

கட்டணத்தை அறக்கட்டளை கட்டிவிட்டது. ஆனால் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே பொறியியல் வரைபட வகுப்புக்கு டிராஃப்டர், ஆய்வகத்துக்கு வெள்ளைக் கோட்டு, மூடிய காலணி, பதிவேடுகள் என்று வரிசையாகக் கேட்டார்கள். அப்பாவிடம் கேட்க முடியவில்லை. ஏப்ரல் 15 தொடங்கி மீன்பிடித் தடைக்காலம். இப்போது அது 61 நாள். தடை முடிந்து படகு கடலுக்குப் போய், பங்கு பிரித்து, வட்டிக்காரருக்குக் கொடுத்தது போக வீட்டுக்குப் பணம் வந்து சேர்வதற்கு மேலும் சில வாரங்கள் ஆகும். கல்லூரிச் செலவெல்லாம் சரியாக அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். டிராஃப்டர் இல்லாமல் இரண்டு வகுப்புகளில் நின்றுகொண்டே இருந்தேன். மூன்றாவது வகுப்புக்கு நான் போகவேயில்லை.

முதல் பருவத் தேர்வில் மூன்று தாள்கள் அரியர். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவளுக்கு, கரும்பலகையில் இருந்த கணிதம் புரிந்தாலும் கேள்வித்தாளின் ஆங்கிலம் புரியவில்லை. படிப்பை விட்டுவிடுவதென்று முடிவு செய்து, வீட்டில் சொல்லாமல் ஒரு வாரம் துறைமுகப் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். அறக்கட்டளையில் எனக்கென்று நியமித்திருந்த வழிகாட்டி அக்கா ஞாயிறுதோறும் அழைப்பார். அந்த ஞாயிறு நான் எடுக்கவில்லை. மறுநாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மாவோடு வாசலில் உட்கார்ந்து, கவிழ்த்து வைத்திருந்த மீன் கூடை மீது என் மதிப்பெண் பட்டியலை விரித்து வைத்து, எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, அதே அறக்கட்டளையில் படித்துக்கொண்டிருந்த இறுதியாண்டு அண்ணன் ஒருவர் எனக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். நான்காவது பருவம் முடிவதற்குள் மூன்று தாள்களையும் முடித்துவிட்டேன்.

கட்டணம் கட்டியவர்களை நான் மறக்கவில்லை. ஆனாலும் என்னைப் பட்டதாரியாக்கியது அந்தத் திங்கட்கிழமை மாலைதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே ஐயா, எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும், பிள்ளை தடுமாறும்போது வீடு தேடிப் போவதற்கு அவர்களிடம் ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். 2010இல் அகரம் அறக்கட்டளை தொடங்கிய விதைத் திட்டத்தின் பெயரை எல்லோரும் அறிவார்கள். அங்கே தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகும் வழிகாட்டியாகத் தொடர்கிறார்கள் என்பதால்தான் அதை நான் மதிக்கிறேன். சிறிய அமைப்புகளிலும் இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மேடைக் காசோலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில் வேறோர் அமைப்பு புத்தகச் செலவுக்கென்று 5,000 ரூபாய் கொடுத்தது. ஆளுயர அட்டைக் காசோலையை ஏந்தி நிற்க வைத்து எடுத்த படம் மறுநாளே முகநூலில் வந்தது. என் வகுப்பில் 60 பேரும் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். நான் விண்ணப்பிக்கவில்லை.

மயிலைத் தணிக்கையாளர்:

பணத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவிக்கு நேரடியாகக் கொடுத்தால் உங்களுக்கு வரிச்சலுகை கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் 80ஜி என்று பரவலாக அறியப்படும் வருமான வரிச் சலுகையில் பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு; ஆனால் புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. வெறும் ரசீதோடு திருப்தி அடையாமல், வருமான வரித் துறையின் இணையதளம் வழியாக அவர்கள் எடுத்துத் தர வேண்டிய நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையையும் கேளுங்கள். நேர்மையான அமைப்பு எதுவும் அதற்கு முகம் சுளிக்காது.

அறிக்கையைப் பார்க்கும்போது நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால்தான் நல்ல அமைப்பு என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. காசிமேட்டுச் சகோதரி சொன்ன வழிகாட்டி அக்கா போன்றவர்கள் ஊதியம் பெறும் பணியாளர்களாக இருந்தால், அவர்களின் சம்பளமும் பேருந்துச் செலவும் பல கணக்குகளில் நிர்வாகம் என்ற தலைப்பில்தான் வரும். ஆகவே விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடாமல், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்ற இரண்டு எண்களையும் கேளுங்கள். சேர்த்த கணக்கை எல்லோரும் உடனே சொல்வார்கள். முடித்த கணக்கு கையில் இல்லாத இடத்தில் நான் என் சொந்தப் பணத்தைக் கொடுப்பதில்லை.

தாயார் பெயரில் நிரந்தர நிதியாக வைக்கும் எண்ணம் பின்னாளில் வந்தால், நோக்கத்தைத் தெளிவாக எழுதி வையுங்கள். 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் அறத்துக்கென்று விட்டுச் சென்ற செல்வம் பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தது. அந்த நிதியிலிருந்து சென்னையில் ஒரு பள்ளி திறந்தது 1842இல்தான். இத்தனை காலம் கழித்தும் அந்தப் பணம் எண்ணற்ற ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால் இடையில் போன அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள் அல்லவா?

பெரும்பாக்கம் மாலை வகுப்புத் தன்னார்வலர்:

கல்லூரிப் படிப்பைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றியபோது, பிள்ளைகள் படித்த பள்ளிகள் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. விடியற்காலைப் பேருந்தில் பழைய பள்ளிக்கே போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் பலர் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு வந்து உதவி கேட்பதற்கு அவர்கள் அதுவரை வந்து சேரவே இல்லை. உங்கள் தொகையில் ஒரு பங்கை, குடியிருப்புகளுக்கு உள்ளேயே மாலை வகுப்பு நடத்தும் அமைப்பு ஒன்றுக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு அறை, இரண்டு ஆசிரியர்கள், ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் இருந்தால் போதும், பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். சுண்டல் இல்லாத நாளில் எங்கள் வகுப்பில் கூட்டம் பாதியாகிவிடும். அவர்களில் பலருக்குப் பள்ளி மதிய உணவுக்குப் பிறகு வயிற்றில் விழுவது அதுதான்.

பெரம்பூர் ஓய்வூதியர்:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. மூவரும் கலந்து பேசினோம். அரசு தரும் மாத உதவி போக அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படும் புத்தகம், உடை, தேர்வுக் கட்டணம், கணினிக் கணக்கியல் பயிற்சி ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஒதுக்கி, மூன்று ஆண்டுகளுக்கு நாங்களே நேரடியாகச் செய்வதென்று தீர்மானித்திருக்கிறோம். மீதியை, தணிக்கையாளர் சொன்ன இரண்டு எண்களையும் சொல்லக்கூடிய ஓர் அறக்கட்டளைக்குக் கொடுப்போம். மாலை வகுப்புப் பொறுப்பைத் தங்கை ஏற்றுக்கொண்டாள்; சுண்டல் என்றதும் அவளுக்கு எங்கள் கடை நினைவுக்கு வந்துவிட்டது.

நேற்று மாணவியின் தாயாரிடம் பேசினேன். மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: பணம் கொடுப்பது நாங்கள்தான் என்று மகளுக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவள் எப்போதாவது அம்மாவுக்கு உதவியாக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இனி தலை நிமிர்ந்து வரமாட்டாள் என்பது அந்தத் தாயின் அச்சம். அப்படியே மறைத்துவிடலாமா?

காசிமேட்டுப் பெண்:

அந்தத் தாயின் அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது, ஐயா. ஆனாலும் மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மூன்று ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் இதை மறைக்க முடியாது. வேறொருவர் வாயிலிருந்து கேட்டால் இரண்டு மடங்கு வலிக்கும். தாயையும் வைத்துக்கொண்டு ஒருமுறை உங்கள் வீட்டில் உட்கார வைத்து, இட்லிக் கடையைப் பற்றி, சுவரில் இருந்த கரிக்கோடுகளைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். பணம் உங்கள் தாயாருடையது என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

வியாசர்பாடி ஆசிரியை:

நானும் இதையே சொல்வேன். கூடவே ஒரு வேண்டுகோள்: கல்லூரி திறந்ததும் புதுமைப் பெண் விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். அவள் வங்கிக் கணக்கில் ஆதார் எண் இணைந்திருக்கிறதா என்பதை இந்த வாரமே பார்த்துவிடச் சொல்லுங்கள். வங்கிக்குத் துணையாகப் போக ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். வியாசர்பாடியிலிருந்து பெரம்பூர் எனக்குப் பத்து நிமிடம்தான்.