புதுப்பிப்பு: போகாஸ்தெல் சிவப்பு ஒயின், திறந்த பிறகு

பிரான்ஸின் தெற்கு ரோன் பகுதியில், ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற ஒயின் வட்டாரத்தைச் சேர்ந்த போகாஸ்தெல் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிய என் முந்தைய இழையில், "கிரெனாஷ் திராட்சையே போதுமே, 13 வகைகள் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போது புட்டியைத் திறந்துவிட்டதால் சொல்கிறேன்.

அந்த வட்டாரத்தில் அனுமதிக்கப்பட்ட 13 திராட்சை வகைகளையும் தோட்டத்தின் உரிமையாளர்களான பெரான் குடும்பத்தார் வளர்க்கிறார்கள். அக்கம்பக்கத்தில் பெரும்பாலோர் கிரெனாஷையே நம்பியிருக்க, இவர்கள் மூர்வெத்ர் என்ற இன்னொரு வகைக்கும் அதே அளவு இடம் தருகிறார்கள். கிரெனாஷ் காற்றுப் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும்; மூர்வெத்ர் காற்றைத் தாங்கி நிற்கும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. வகைகளைத் தனித்தனியே நொதிக்கவைத்து, பிறகுதான் கலக்கிறார்கள். கூனுவாஸ் போன்று சிறிதளவே சேர்க்கும் வகைகள் தரும் புத்துணர்ச்சியையும் லேசாக எண்ணக் கூடாது.

ஊற்றியதும் ஈரத் தோலும் வாட்டிய இறைச்சியும் போல ஒரு வாடை எழுந்தது. இதைக் கண்டு பலர் முகம் சுளிப்பார்கள், அவசரப்பட வேண்டாம். அகன்ற குடுவையில் ஊற்றி வைத்திருந்தேன். இரவு உணவு முடியும் நேரத்தில் கருஞ்செர்ரியும் உலர்ந்த மூலிகையும் முன்னால் வந்தன. துவர்ப்பு நாக்கின் ஓரங்களில் மட்டும் நின்றது. புட்டியின் அடியில் வண்டல் இருக்கும், மெதுவாகச் சாய்க்க வேண்டும்.

மூர்வெத்ரின் முழு வலிமையை அறிய விரும்புகிறவர்கள், தந்தை ழாக் பெரானின் நினைவாக 1989 முதல் சிறந்த ஆண்டுகளில் மட்டும் பிள்ளைகள் தயாரிக்கும் 'ஒமாஜ்' ஒயினைத் தேடலாம். விலை மிக அதிகம். முதலில் நான் திறந்த இந்தச் சாதாரண போகாஸ்தெல் சிவப்பையே வாங்குங்கள்.