ட்ரோலிங் மோட்டார் வாங்கும் முன்: எதிர்காற்றில் சிக்கிய ஒரு பகலும் பிறகு வந்த அனுபவங்களும்

ஐந்து மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு என்னுடையது. ஏரியில் சத்தமில்லாமல் மீன்பிடிக்க மின் ட்ரோலிங் மோட்டார் (படகை மெதுவாக நகர்த்தும் சிறு மோட்டார்) வாங்கியபோது, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த ஓர் எண்ணை மட்டுமே பார்த்தேன்: 30 பவுண்டு உந்துவிசை. காற்றில்லாத விடியற்காலையில் அந்த மோட்டார் படகை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோனது. முதல் இரண்டு தடவையும் மனம் நிறைந்து வீடு திரும்பினேன்.

மூன்றாவது தடவை, உச்சி வெயில் நேரத்தில் எதிர்காற்று கிளம்பியது. கைப்பிடியை முழு வேகத்துக்குத் திருகினேன். கரையில் தெரிந்த ஒற்றை மரத்தைக் குறியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆகியும் அது கிட்டே வரவில்லை. படகின் முகப்பு மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் நானும் தம்பியும் துடுப்புப் போட்டோம். கரை ஏறும்போது அவன் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

அன்று இரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படகு 400 கிலோ, மூன்று பேர் 220 கிலோ, பேட்டரி 30, நங்கூரம், பெட்டி, மற்ற சாமான்கள் 70. ஆக 720 கிலோ. ஒவ்வொரு 45 கிலோ எடைக்கும் குறைந்தது 2 பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி எனக்கு 32 பவுண்டு தேவை. அதுவும் காற்றும் நீரோட்டமும் இல்லாத தண்ணீருக்கு! எடையைப் பார்க்காமலே மோட்டார் வாங்கியது என் தவறு. ஏறும் ஆட்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வரும் விடையோடு நிற்காமல் கைவசம் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் ஓடுபவை பெரும்பாலும் 55 பவுண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைக்க வேண்டும்.

இப்போது முகப்பில் பொருத்தும் 55 பவுண்டு மோட்டார் வைத்திருக்கிறேன். மாடு முன்னால் நின்று இழுத்தால் வண்டி அதன் பின்னால் வரும், படகும் அப்படியே. பின்னாலிருந்து தள்ளும்போது காற்று முகப்பை இஷ்டத்துக்குத் திருப்பிவிடும். ஆனால் முகப்பு மோட்டாருக்கு, விசிறியைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடிக்கும் தண்டின் நீளம் மிக முக்கியம். அலையில் முகப்பு எழும்பும்போதெல்லாம் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து 'விர்ர்' என்று வெறுங்காற்றில் சுற்றினால், எத்தனை பவுண்டு இருந்தும் பயனில்லை. அந்தச் சத்தம் கேட்டால் மீனும் ஓடிவிடும். ஆட்கள் ஏறிய நிலையில், மோட்டார் பொருத்தும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, அதோடு 50 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அலையடிக்கும் இடமென்றால் இன்னும் ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும்.

* * *

மேலே எழுதிய ஐயா சொன்ன எடைக் கணக்கு சரியானது. நான் பட்டது பேட்டரியில். கார் பேட்டரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது, அதையே மாட்டினேன். ஒரே பருவத்தில் செத்துவிட்டது. வண்டியைக் கிளப்ப ஒரு நொடிக்குப் பெரிய மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்ட மெல்லிய தகடுகள் அதனுள் இருப்பவை. மணிக்கணக்கில் வடித்தெடுத்தால் தாங்காது. இந்த வேலைக்கென்றே தடித்த தகடு கொண்ட டீப் சைக்கிள் பேட்டரி இருக்கிறது.

அதையும் வாங்கிய பிறகு ஒரு தப்புக்கணக்குப் போட்டேன். மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி 100 ஆம்பியர்-மணி, ஆகவே இரண்டு மணி நேரம் என்று நினைத்தேன். ஈய அமிலப் பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் பாதியோடு நிறுத்த வேண்டும். போதாக்குறைக்கு, அந்த 100 என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் அதுவும் சுருங்கிவிடும். ஆக, முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூட நிம்மதியாகக் கிடையாது.

ஆனால் வேகத்தைக் குறைத்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி செலவாகும். அதையே திருப்பிப் பாருங்கள்: பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் செலவு! அதனால்தான் பெரிய மோட்டாரை மெதுவாக ஓட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து படி வேகம் கொண்ட பழைய முறையில், குறைந்த வேகத்தில் மின்சாரத்தின் ஒரு பங்கு வெப்பமாகவே போய்விடும். படிகள் இல்லாமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளதைத் தேர்ந்தெடுத்தால், அதே பேட்டரி அதிக நேரம் வரும்.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிட்டேன். முன்பு 30 கிலோவை இடுப்பில் அணைத்துத் தூக்கிப் போவேன். இது 12 கிலோ, ஒரு கையில் வருகிறது. கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். விலை அதிகம்தான், மறைக்கவில்லை. அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும்.

* * *

மேலே எழுதிய இருவரைத் தொடர்ந்து, மூன்றாவதாக, வாங்கிய பிறகு நடந்ததை நான் சொல்கிறேன். ஒரு வருடம் ஓடிய மோட்டார் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. நடுவிலிருந்த நட்டைக் கழற்றி விசிறியை உருவினேன். அதன் பின்னால், விசிறி மாட்டும் அச்சைச் சுற்றி, தூண்டில் நரம்பு மோதிரம் போலக் கண்ணாடியாய்ச் சுற்றியிருந்தது. நகத்தால் பிரிக்க முடியவில்லை, கத்தி முனையால் நறுக்கி எடுத்தேன். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அது அறுத்துவிட்டிருந்தது. மூடியைத் திறந்தபோது துருநிறத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் ஒழுகியது. சுருள் போயிற்று.

இப்போதெல்லாம் இரண்டு மூன்று பயணத்துக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றிப் பார்க்கிறேன். ஐந்து நிமிட வேலை. விசிறியைப் பிடிக்கும் சிறு உலோக ஊசி (பின்) ஒன்றும் நட்டு ஒன்றும் உபரியாகப் பெட்டியில் இருக்கும். பாசி அடர்ந்த இடத்தில் ஓட்டுபவர்கள் பாசியை வெட்டித் தள்ளும் வகை விசிறியைக் கேட்டு வாங்குங்கள். உப்பு நீரில் ஓட்டுபவர்கள் அதற்கென்றே செய்த மோட்டாரைத் தவிர வேறொன்றைத் தொட வேண்டாம். அதிலிருக்கும் துத்தநாகக் கட்டி தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றும். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடி வருகிறேன். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பியைப் பற்றித் தனியாகச் சிலர் கேட்டிருந்தார்கள். என் 55 பவுண்டு மோட்டாருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டிருக்கிறேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் 60 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது. முதலில் போட்டிருந்த மெல்லிய கம்பியைத் தொட்டபோது இஸ்திரிப் பெட்டிபோலச் சுட்டது. விசிறியில் பாசி சிக்கி நின்றுபோனால் மின்னோட்டம் எகிறும். பிரேக்கர் இல்லாவிட்டால் நடுத்தண்ணீரில் நெருப்பு.

செயற்கைக்கோள் உதவியால் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் வசதி தேவையா என்றும் கேட்டார்கள். ஆழமான இடத்தில் கயிறும் நங்கூரமுமாகப் போராடுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். காற்று வீசினால் அது ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்கும், அதற்கான பேட்டரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் ஏரியில் மூன்று மீட்டர் ஆழத்தில் மீன்பிடிப்பவன். எனக்கு நங்கூரமே போதும். துடுப்பு இரண்டும் படகிலேயே இருக்கின்றன, தம்பி எடுக்க விடுவதில்லை.